கணினி பழுது பார்க்கும் தொழிலும் சான்றிதழும்

கிராமத்தில் ஏர் பழுதுபட்டால் சரி செய்யத் தச்சர் இருந்தார். கொழு தேய்ந்தால் கொல்லர் பட்டறை இருந்தது. கமலை மறைந்து, ஆயில் என்ஜினும் மின்சாரப் பம்புசெட்டும் வந்தபோது, மோட்டாருக்குச் சுருள் கட்டும் மெக்கானிக்கும் உடன் வந்து சேர்ந்தார். புதிய கருவி ஒன்று ஊருக்குள் நுழையும்போதெல்லாம் அதைச் செப்பனிடும் கைகளும் அவ்வூரிலேயே தோன்ற வேண்டும். இல்லையேல் அக்கருவியால் விளையும் நன்மையைவிடத் தொல்லையே மிகுதியாகிவிடும். இன்று நம் கிராமங்களில் அவ்வாறு இடம் பிடித்திருக்கும் கருவி கணினியாகும். ஊராட்சி அலுவலகம், கூட்டுறவுக் கடன் சங்கம், பள்ளிக்கூடம், இ-சேவை மையம், உரக்கடை என எங்கு நோக்கினும் அது இருக்கிறது. அதைப் பழுது பார்க்கும் தொழில் நம் பிள்ளைகளுக்கு ஏற்றதா, அதற்கென வழங்கப்படும் தொடக்கநிலைச் சான்றிதழ்களால் பயன் உண்டா என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

இந்த ஆராய்ச்சிக்கு நம்மைத் தூண்டியவர் ஒரு விவசாயி. எழுமலையை அடுத்த சிற்றூர் ஒன்றில், காந்தியடிகள் பிறந்த நாளில் கூடிய கிராம சபை முடிந்து நாம் புறப்படும் தறுவாயில் அவர் நம்மிடம் வந்தார். மானாவாரியில் பருத்தியும் சோளமும் பயிரிடுபவர். ஒரே மகன் பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருந்தான். "ஐயா, பையன் கம்ப்யூட்டர் ரிப்பேர் படிக்கணும்னு நிக்கிறான். முப்பதாயிரம் கேக்குறாங்க. சர்டிபிகேட் கையில வந்தா வேலை நிச்சயம்னு சொல்றாங்க. வீட்டுல இருக்கிற சங்கிலிய அடகு வைக்கலாமா வேணாமா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். அந்நேரத்தில் நாம் சொன்ன விடை அரைகுறையாகவே இருந்தது. அவரைப் போன்ற பெற்றோர் பலர் நம் வட்டாரத்தில் இருப்பதால், முழுமையான விடையை இங்கே எழுதுகிறோம்.

தொழில் எத்தகையது?

கணினி பழுது பார்ப்பது என்றால் திருப்புளி பிடிப்பது மட்டும் என்று பலர் எண்ணுகின்றனர். இத்தொழிலை நான்கு பிரிவுகளாகக் கொள்ளலாம். முதலாவது, பெட்டிக்குள் இருக்கும் உறுப்புகளைப் பற்றியது. மின்சாரத்தை மாற்றித் தரும் பகுதி, தாய்ப்பலகை, நினைவகத் தகடு, சேமிப்பு வட்டு, விசிறி ஆகியவற்றுள் எது பழுதாயிற்று என்று கண்டறிந்து மாற்றுதல். இரண்டாவது, மென்பொருளைப் பற்றியது. இயக்க முறைமையை நிறுவுதல், நச்சுநிரல்களை நீக்குதல், இழந்த கோப்புகளை மீட்க முயலுதல். மூன்றாவது, வலையமைப்பைப் பற்றியது. வடம் இழுத்தல், அதன் முனையில் செருகியைப் பொருத்துதல், இணையத் தொடர்பு அறுந்தால் எவ்விடத்தில் அறுந்தது என்று தேடுதல். நான்காவது, அச்சுப்பொறி, யு.பி.எஸ்., கண்காணிப்புக் காமிரா, கடைகளில் ரசீது அடிக்கும் பொறி முதலிய துணைக் கருவிகளைப் பற்றியது.

நமது பகுதிக்கே உரிய தொல்லைகளும் உண்டு. மின்னழுத்தம் ஒரு நேரம் தாழ்ந்தும் ஒரு நேரம் உயர்ந்தும் வருகிறது. ஆடிக் காற்றில் செம்மண் தூசி பெட்டிக்குள் படிகிறது. எலி வடத்தைக் கடிக்கிறது. சரியான நில இணைப்பு இல்லாத கட்டடங்களில் இடி மின்னலின்போது கருவிகள் கருகுகின்றன. இவற்றைப் புத்தகத்தில் படித்தவரைவிட இவ்வூர்களில் இருந்து கண்டவர் விரைவில் உணர்வார். உள்ளூர் இளைஞருக்கு இதுவே முதல் தகுதி.

இத்தொழில் இருந்த இடத்திலேயே நிற்கவில்லை என்பதையும் பெற்றோர் அறிய வேண்டும். முன்பு மடிக்கணினியின் நினைவகத்தைக் கழற்றி மாற்றலாம். இன்று வரும் பல மாதிரிகளில் அது தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. சுழலும் வட்டுக்குப் பதிலாகச் சுழலாத சேமிப்பகம் வந்துவிட்டது. ஆகவே, உறுப்பு மாற்றும் வேலை குறைந்து, வலையமைப்பு, தரவுப் பாதுகாப்பு, துணைக் கருவிகள் ஆகியவை பற்றிய வேலை கூடி வருகிறது. 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14 அன்று, விண்டோஸ் 10 என்னும் இயக்க முறைமைக்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் நிறுத்தியது. பழைய கணினிகள் பலவற்றில் அதற்கு அடுத்த பதிப்பை நிறுவ இயலாது. அவற்றை என்ன செய்வது, கட்டணமற்ற லினக்ஸ் முறைக்கு மாற்றலாமா, புதியது வாங்குவதே சிக்கனமா என்று வாடிக்கையாளருக்கு நேர்மையாக எடுத்துரைக்கும் அறிவே இன்று தொழிலாளியின் முதலீடு. ஒருமுறை கற்றுவிட்டு முப்பது ஆண்டு ஓட்டக்கூடிய தொழில் இது அன்று.

சான்றிதழைக் கேட்பவர் யார்?

வீட்டுக்கு மின்கம்பி அமைப்பவருக்கு உரிமம் வேண்டும் என்று விதி இருக்கிறது. கணினி பழுது பார்ப்பதற்கு அத்தகைய உரிமம் எதுவும் நம் நாட்டில் இல்லை. கடைத்தெருவில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, பலகை மாட்டி, நாளைக்கே ஒருவர் தொழில் தொடங்கலாம். அவரிடம் வரும் வாடிக்கையாளரும் சான்றிதழைப் பார்ப்பதில்லை. சென்ற முறை சரி செய்த பொறி இன்றும் ஓடுகிறதா என்றே பார்க்கிறார்.

அப்படியானால் சான்றிதழ் எதற்கு? அதைக் கேட்பவர் நால்வர். முதலாமவர், பெருங்கம்பெனிகளின் பழுது நீக்கும் நிலையங்கள். நூறு விண்ணப்பங்கள் வந்தால், யாரை அழைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்ய அவற்றுக்கு ஓர் அளவுகோல் தேவை. இரண்டாமவர், கடன் தரும் வங்கி. முன்பின் அறியாத இளைஞர் ஒருவர் தொழில் தெரிந்தவர்தாம் என்பதற்கு வங்கி மேலாளருக்கு ஒரு சாட்சி வேண்டும். மூன்றாமவர், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் கொடுக்கும் அலுவலகங்களும் கல்லூரிகளும். நான்காமவர், வெளிநாட்டிலும் பெருநகரத்திலும் ஆள் எடுப்போர். இந்நால்வர் வாயிலையும் ஒருவர் மிதிக்கப் போவதில்லை, எழுமலைக் கடைத்தெருவிலேயே இருக்கப் போகிறார் என்றால், அவருக்குச் சான்றிதழைவிடக் கைத்திறனும் நாணயமுமே முக்கியம். மிதிக்கப் போகிறார் என்றால், எந்தச் சான்றிதழை எந்த வாயிலில் மதிப்பார்கள் என்று முன்னரே அறிந்துகொள்வது அவசியம்.

சான்றிதழ்களின் வகை

சான்றிதழ் என்ற பெயரில் பல காகிதங்கள் உலவுகின்றன. அவற்றுள் முக்கியமானவற்றைப் பிரித்துக் காட்டுவோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். தமிழ்நாடு அரசுப் பணியில் தட்டச்சர் பதவிக்குத் தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் கணினி வழி அலுவலக தானியக்கச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. அதைச் சுருக்கமாகச் சி.ஓ.ஏ. என்பர். அது கணினியைப் பயன்படுத்தத் தெரியும் என்பதற்குச் சான்று. பழுது பார்ப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. தொழிற்பயிற்சி நிலையங்களில் உள்ள 'கோபா' என்னும் பிரிவும் கணினியை இயக்குவதையும் நிரல் எழுதுவதற்கு உதவுவதையும் கற்பிக்கும் பிரிவேயாகும். மகனோ மகளோ எதை விரும்புகிறார் என்று கேட்டறியாமல் 'கம்ப்யூட்டர் கோர்ஸ்' என்று மட்டும் சொல்லிச் சேர்த்துவிட்டுப் பின்னர் வருந்துவோர் பலர்.

அடுத்து, அரசினர் தொழிற்பயிற்சி நிலையம். நாடு விடுதலை பெற்றபின் 1950ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் வழியாக இந்நிலையங்கள் இயங்குகின்றன. இத்திட்டத்தில் கணினி வன்பொருள் மற்றும் வலையமைப்புப் பராமரிப்பு என்னும் ஓராண்டுப் பிரிவும், தகவல் தொடர்புத் தொழில்நுட்பச் சாதனங்களைப் பராமரிக்கும் இரண்டாண்டுப் பிரிவும் உள்ளன. பத்தாம் வகுப்பில் தேறியவர் சேரலாம். முடித்தவருக்குத் தேசியத் தொழிற் சான்றிதழ் கிடைக்கிறது. அது இந்தியா முழுவதும் ஏற்கப்படுவது. அதன்பின் 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி ஒரு தொழிலகத்தில் ஊக்கத்தொகையோடு பழகுநராகச் சேரும் வாய்ப்பும் உண்டு. பத்தாம் வகுப்புக்குப்பின் இரண்டாண்டுப் பயிற்சி முடித்தவர் உரிய பிரிவில் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் வழி இருக்கிறது. ஆகவே, இச்சான்றிதழ் மேலும் ஏறிச் செல்வதற்கான ஏணியாகவும் அமைகிறது. மதுரை கோ.புதூரில் அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் உள்ளது. எந்நிலையத்தில் எந்தப் பிரிவு நடக்கிறது, எத்தனை இடம் உண்டு என்பதை அந்தந்த ஆண்டின் சேர்க்கை அறிவிப்பைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, கிராமப்புற இளைஞர்க்கான சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம். 1982ஆம் ஆண்டு கர்நாடகத்தின் உஜிரே என்னும் ஊரில் ருட்செட்டி என்ற பெயரால் தொடங்கப்பட்ட முயற்சி நல்ல பலன் தரவே, அதே முறையில் மாவட்டந்தோறும் வங்கிகளின் பொறுப்பில் இத்தகைய நிலையங்கள் ஏற்பட்டன. மதுரையிலும் ருட்செட்டி நிலையம் உண்டு. சில வாரப் பயிற்சி, தங்குமிடம், உணவு யாவும் கட்டணமின்றிக் கிடைக்கும். கைபேசி பழுது பார்த்தல், கணினி வன்பொருள் போன்றவை இவ்வகை நிலையங்கள் கற்பிக்கும் தொழில்களில் அடங்கும். பயிற்சிக்குப் பின்னும் தொடர்ந்து வழிகாட்டி, வங்கிக் கடனுக்கும் துணை செய்வது இவற்றின் சிறப்பு. கம்பெனி வேலைக்கு இச்சான்றிதழ் பெரிதும் உதவாது. சொந்தக் கடை வைப்பவருக்கு இதுவே சாலச் சிறந்தது.

நான்காவது, கடைகளில் வேலை செய்தே தொழில் கற்றவர்களுக்கானது. பிரதம மந்திரி திறன் மேம்பாட்டுத் திட்டம் 2015ஆம் ஆண்டு தொடங்கப்பட்டபோது, முன்னரே கைவசமுள்ள திறனைச் சோதித்து ஏற்பளிக்கும் முறையும் அதில் சேர்க்கப்பட்டது. பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திக் கடையில் ஐந்தாறு ஆண்டு உழைத்தவரை மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கு என்று சொல்லாமல், அவர் அறிந்ததற்கு மதிப்புத் தரும் நல்ல முறை இது.

ஐந்தாவது, உலக அளவில் அறியப்பட்ட தேர்வுகள். இவற்றுள் தொடக்கநிலையில் பெயர் பெற்றது, அமெரிக்க நாட்டில் 1993ஆம் ஆண்டு தோன்றிய காம்ப்டியா ஏ-பிளஸ் என்பதாகும். இதற்கு இரண்டு தேர்வுகள் எழுத வேண்டும். ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். தொண்ணூறு கேள்விகள் வரை கேட்கப்படும். 900க்கு முதல் தேர்வில் 675, இரண்டாம் தேர்வில் 700 புள்ளிகள் பெற்றால்தான் தேற முடியும். வன்பொருள், வலையமைப்பு, இயக்க முறைமை, பாதுகாப்பு, வாடிக்கையாளரிடம் நடந்துகொள்ளும் முறை ஆகிய யாவும் பாடத்தில் அடங்கியுள்ளன. பாடத்திட்டம் சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், இத்தேர்வைத் தமிழில் எழுத இயலாது. கட்டணம் பல ஆயிரம் ரூபாய் ஆகும். பெற்ற சான்றிதழும் மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும், பின்னர் புதுப்பிக்க வேண்டும். சென்னை, பெங்களூர் போன்ற நகரங்களில் கணினி உதவி மேசைப் பணிக்கோ வளைகுடா நாடுகளுக்கோ போக விரும்பும், ஆங்கிலம் நன்கு அறிந்த பட்டதாரிக்கு இது கைகொடுக்கும். எழுமலையில் கடை வைப்பவருக்கு இச்செலவு வீண்.

ஆறாவது வகையைப் பற்றிச் சற்றுக் கவனமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏதோ ஒரு பெயரில் சங்கமாகப் பதிவு செய்துகொண்டு, அப்பதிவு எண்ணையே 'அரசு அங்கீகாரம்' என்று பலகையில் எழுதி, தாமே அச்சடித்த பளபளப்பான சான்றிதழை வழங்கும் தனியார் நிலையங்கள் எங்கும் உண்டு. எல்லாத் தனியார் நிலையங்களும் அத்தகையவை அல்ல. நன்கு கற்பிப்பவையும் உள்ளன. ஆனால், சங்கப் பதிவு வேறு, பாடத்திற்கான அங்கீகாரம் வேறு. தொழிற்கல்விப் பாடங்களை அங்கீகரிக்க மத்திய அரசு 2018ஆம் ஆண்டு தேசியத் தொழிற்கல்வி மற்றும் பயிற்சிக் குழுமத்தை அமைத்தது. அங்கீகாரம் பெற்ற பாடங்கள் தேசியத் தகுதிப் பதிவேட்டில் இருக்கும். அப்பதிவேட்டை இணையத்தில் எவரும் பார்க்கலாம். பணம் கட்டுவதற்கு முன் அதில் அப்பாடத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது, விதை வாங்குமுன் முளைப்புத்திறனைச் சோதிப்பதற்கு ஒப்பானது.

நாம் கண்ட இரு நிகழ்ச்சிகள்

சான்றிதழ் வேண்டுமா, திறன் வேண்டுமா என்ற கேள்விக்கு நமது அனுபவத்திலிருந்தே விடை கிடைத்தது.

ஒரு சமயம் நமது அலுவலகத்தில், வீடு கட்டும் திட்டத்தின் பயனாளிப் பட்டியலை அனுப்ப வேண்டிய நாளில், கணினி திடீரென்று உயிரற்றுப் போயிற்று. மதுரையிலிருந்து ஆள் வர இரண்டு நாள் ஆகும் என்றனர். எழுமலைக் கடை ஒன்றில் வேலை செய்யும் இளைஞர் ஒருவரை அழைத்தோம். அவர் பெட்டியைத் திறந்து, தூசியை ஊதி, நினைவகத் தகட்டைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் அழிப்பான் கொண்டு தேய்த்துத் திரும்பச் செருகினார். கால் மணி நேரத்தில் திரை ஒளிர்ந்தது. அவரிடம் எந்தச் சான்றிதழும் இல்லை. கைப்பழக்கமே அவர் கற்ற கல்வி.

அதே இளைஞர் சில மாதங்களுக்குப் பின் வேறோர் இடத்தில் ஒரு கணினியைச் சரி செய்யப் போனார். இயக்க முறைமை கெட்டிருந்தது. சேமிப்பு வட்டு முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினார். கணினி நன்றாக ஓடியது. ஆனால், அதில் இருந்த மூன்றாண்டுக் கணக்குகள் அழிந்துபோயின. படி எடுத்து வைக்க வேண்டும் என்று அவருக்கு எவரும் சொல்லித் தந்ததில்லை. வைத்திருக்கிறீர்களா என்று அவரும் கேட்கவில்லை. ரசீதுக் கட்டுகளைப் பிரித்து, வரிவரியாக மீண்டும் பதிவு செய்ய அங்கிருந்தவர்களுக்கு வாரக்கணக்கில் ஆயிற்று. அவர் மனம் நொந்ததையும் நாம் கண்டோம்.

முறையான பயிற்சி தருவது இதைத்தான். தொடங்குமுன் தரவைப் படி எடு. முதலில் எளிய காரணத்தைச் சோதித்துப் பின்னர் கடினமானதற்குச் செல். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் மின்மாற்றிப் பகுதியைத் திறவாதே, அதில் மின்னேற்றம் தங்கியிருக்கும். உப்பிய மின்கலத்தைக் குத்தாதே, தீப்பற்றும். செய்த வேலையை எழுதி வை. பிறர் கோப்பை நோக்காதே. இவ்வொழுங்குகளைக் கடையில் ஒருவர் கற்க வேண்டுமானால் ஒவ்வொன்றையும் ஒரு நட்டத்தின் மூலமே கற்க வேண்டும். அந்த நட்டமும் பெரும்பாலும் மற்றவருடையதாக இருக்கும். ஆகவே, சான்றிதழ் என்னும் காகிதத்தைவிட அதற்குப் பின்னாலுள்ள பயிற்சியே மதிப்புடையது. பயிற்சி இல்லாத காகிதம் வெறும் பதரே. அந்த இளைஞர் பின்னர் ஒரு குறுகிய காலப் பயிற்சிக்குச் சென்று வந்தார். இப்போது எந்தப் பெட்டியைத் திறக்குமுன்னும் "படி எடுத்திருக்கிறீர்களா?" என்பதே அவருடைய முதல் கேள்வி.

கடன் வாங்கிப் படிக்கலாமா?

கிராம சபையில் கேட்ட அந்த விவசாயியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முப்பதாயிரம் ரூபாயை நூற்றுக்கு இரண்டு வட்டியில் வாங்கினால், மாதம் 600 ரூபாய், ஆண்டுக்கு 7,200 ரூபாய் வட்டிக்கே போகும். படித்து முடித்த முதல் ஆண்டில் கடையில் கிடைக்கும் கூலி பையனின் பேருந்துச் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாக இருக்கும். முதல் அப்படியே நிற்கும். மழை பொய்த்த ஓர் ஆண்டு வந்துவிட்டால் சங்கிலி மீளாது.

மறுபுறம், தமிழ்நாட்டு அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் அளிக்கப்பட்டு வருகிறது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்ற மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022இலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கப்பட்டன. இவை தொழிற்பயிற்சி மாணவர்களையும் உள்ளடக்கியவை. சேரும்போது நடப்பில் உள்ள விதிகளைக் கேட்டறிய வேண்டும். கற்பிக்க அரசே பொறுப்பேற்று, கற்பவருக்குக் கைச்செலவுக்கும் கொடுக்கும்போது, தங்கத்தை அடகு வைத்து ஐயத்துக்குரிய காகிதத்தை வாங்குவானேன்? அந்தச் சங்கிலி வீட்டிலேயே இருக்கட்டும் என்பதே நமது விடை.

பணம் செலவழிக்கத்தான் வேண்டுமென்றால், பயிற்சி முடிந்த பிறகு கருவிகளுக்குச் செலவழிக்கலாம். நல்ல திருப்புளித் தொகுதி, பலநோக்கு மின்னளவி, பற்றவைக்கும் கோல், தூசி ஊதி, வடம் சோதிக்கும் கருவி, செருகி பொருத்தும் இடுக்கி ஆகியவை இருந்தால் தொழில் தொடங்கலாம். 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் சிசு என்னும் பிரிவில் ஐம்பதாயிரம் ரூபாய் வரை பிணையின்றிக் கடன் பெற வழி செய்யப்பட்டது. உத்யம் பதிவு கட்டணமின்றிச் செய்துகொள்ளத்தக்கது. விவரங்களை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறியலாம்.

நம் பகுதியில் வேலை எங்கே?

எழுமலை, உசிலம்பட்டிக்குத் தென்மேற்கே மலையடிவாரத்தை ஒட்டிய பேரூர். சுற்றிலும் உள்ள சிற்றூர்கள் எல்லாவற்றுக்கும் கடைத்தெரு அதுவே. இத்தகைய ஓரூரில் எத்தனை பழுதுக் கடைகள் பிழைக்கும் என்று எண்ணிப் பார்க்காமல், பத்துப் பிள்ளைகளை ஒரே தொழிலுக்கு அனுப்புவது அறிவுடைமை ஆகாது. ஆயினும், கண்ணுக்குப் புலப்படாத வேலைகள் பல உள்ளன.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒப்புதல் அளித்தது. நாடு முழுவதும் 63,000 சங்கங்கள் அதில் இலக்காகக் கொள்ளப்பட்டன. தமிழ்நாட்டில் பாரத்நெட் இரண்டாம் கட்டத்தில் 12,525 ஊராட்சிகளைக் கண்ணாடி இழை வடத்தால் இணைக்கத் திட்டமிடப்பட்டது. வடம் வந்த இடத்தில் வடம் அறுவதும் உண்டு. அதைச் செப்பனிடக் கை வேண்டும். 2011ஆம் ஆண்டு தொடங்கிய அரசின் மடிக்கணினித் திட்டத்தால் பல இலட்சம் மாணவர்கள் மடிக்கணினி பெற்றனர். அவற்றுள் எத்தனையோ இன்று மின்கலம் செத்துப் பரணில் கிடக்கின்றன. சேமிப்பகத்தை மாற்றி, லினக்ஸ் நிறுவினால், தம்பி தங்கையர் படிக்க அவற்றில் பல பயன்படும். மும்பை ஐ.ஐ.டி. வெளியிட்டுள்ள 'ஸ்போக்கன் டுட்டோரியல்' பாடங்களில் லினக்ஸ் பற்றியவை தமிழிலும் உள்ளன. கட்டணம் கிடையாது. கைபேசி வைத்திருக்கும் எந்தப் பையனும் இரவில் அரை மணி நேரம் ஒதுக்கிக் கற்கலாம்.

கணினி ஒன்றை மட்டும் நம்பி இராமல், கைபேசி, காமிரா, யு.பி.எஸ்., வலையமைப்பு ஆகிய நான்கையும் சேர்த்துக் கற்றவரே சிற்றூரில் நிலைத்து நிற்பார். ஊடுபயிர் இல்லாத மானாவாரி நிலம் போன்றது ஒற்றைத் திறன். ஒன்று பொய்த்தால் கைகொடுக்க மற்றொன்று இருக்க வேண்டும்.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

1. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியானவுடன் தொழிற்பயிற்சி நிலையச் சேர்க்கை அறிவிப்பை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டுவதோடு, கிராம சபையிலும் படித்துக் காட்டலாம். கடைசித் தேதி கடந்தபின் நம்மிடம் வந்து கண்ணீர் விட்ட பெற்றோர் உண்டு.

2. தனியார் பயிற்சி நிலையம் எதற்கும் விசாரியாமல் ஊராட்சிக் கட்டடத்தையோ பரிந்துரைக் கடிதத்தையோ கொடுத்தல் கூடாது. பாடம் தேசியப் பதிவேட்டில் உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

3. ஊராட்சியின் கணினிகளைச் செப்பனிட, விதிமுறைக்கு உட்பட்டு விலைப்புள்ளி பெறும்போது, பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்களும் அதில் பங்கு பெற அறிவிப்புக் கொடுக்கலாம். வேலை கொடுக்குமுன் தரவைப் படி எடுத்து வைப்பதும், செய்த வேலையை எழுதி வாங்குவதும் அலுவலகத்தின் கடமை.

4. இத்தொழிலில் பெண்களைச் சேர்க்கத் தயங்க வேண்டியதில்லை. பளு தூக்கும் வேலை இதில் இல்லை. பொறுமையும் கூர்மையான பார்வையுமே வேண்டும். சுய உதவிக் குழுக்களின் வாயிலாகத் தகுதியுள்ள பெண்களுக்குத் தெரிவிக்கலாம்.

5. பழுதான பலகைகளையும் வடங்களையும் செம்பு எடுப்பதற்காகக் கொளுத்தும் வழக்கத்தைத் தடுக்க வேண்டும். அப்புகை நஞ்சு. 2023 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி அவற்றைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே சேர்ப்பிக்க வேண்டும்.

முடிவுரை

யார் எதைச் செய்யலாம் என்று தொகுத்துச் சொல்வோம். பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ தேறி, ஓரிரண்டு ஆண்டு ஒதுக்க இயன்றவர் அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தை நாடுக. உடனே தொழில் தொடங்க விரும்புபவர் ருட்செட்டி போன்ற நிலையத்துக்குச் செல்க. கடையில் கற்றுத் தேர்ந்தவர் தம் திறனுக்கு ஏற்பளிப்புப் பெற்றுக்கொள்க. பட்டம் பெற்று, ஆங்கிலம் அறிந்து, நகரத்துக்கோ வெளிநாட்டுக்கோ செல்ல விரும்புபவர் மட்டும் ஏ-பிளஸ் போன்ற தேர்வுகளுக்குப் பணம் செலவிடுக. எவராயினும் கடன்பட்டுக் காகிதம் வாங்க வேண்டாம்.

சான்றிதழ் முதல் வாயிலைத் திறக்கும். உள்ளே நுழைந்தபின் நம்மை அங்கே இருத்துவது கைத்திறனும், மேலும் கற்கும் விருப்பமும், பிறர் பொருளைத் தம் பொருள்போல் பேணும் நாணயமுமே. கிராம சபையில் நம்மிடம் வினவிய விவசாயி இவ்விதழைப் படிப்பாரானால், சங்கிலியை வீட்டிலேயே வைத்துவிட்டு, மகனின் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு நமது அலுவலகத்துக்கு வருவாராக. விண்ணப்பம் எழுதுவது முதல் சேர்க்கை முடியும்வரை கூடவே இருந்து உதவுவது நமது கடமை.